பீரோவில் இருக்கும் சுதந்திர ஆண்டு மெடல்கள்: பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கும் தமிழ் வீடுகள் நிறைய. 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை 1834இல் பெங்களூருக்கு வந்தது, இங்கேயே நிலைத்துவிட்டது. இன்று அதற்கு மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று பெயர். ஊர் வாயில் எம்.ஈ.ஜி. ராணுவத்துக்குள் அந்தப் படைக்காரர்களுக்குத் 'தம்பி' என்றே செல்லப்பெயர்.

அந்தத் தம்பிகள் தாத்தாக்களாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, பீரோவில் மிஞ்சிய மெடல்களோடு பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும் கேள்விகள்தான் இவை. நாட்டின் சுதந்திர ஆண்டு விழாக்களுக்காக வழங்கப்பட்ட பதக்கங்களைப் பற்றியே பெரும்பாலும் கேட்கிறார்கள். கர்நாடக ராஜ்யோத்சவம் (மாநிலம் உருவான நாள் விழா), நினைவு நாணயம் என்று பக்கவாட்டில் போகும் கேள்விகளும் உண்டு. அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

தாத்தாவின் பெட்டியில் 25ஆம் சுதந்திர ஆண்டு மெடல் இருக்கிறது. போரில் ஏதாவது சாதித்ததற்குக் கொடுத்ததா?

இல்லை. இந்தியா சுதந்திரம் பெற்று 25 ஆண்டு நிறைந்ததற்காக, 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. முப்படை, துணை ராணுவம், போலீஸ் எல்லாம் இதில் அடக்கம். ஜெனரலுக்கும் கடைநிலைச் சிப்பாயான சாப்பருக்கும் ஒரே உலோகம், ஒரே அச்சு. வீரப் பதக்கம் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தால் இதைக் கேட்டதும் முகம் வாடும். பலருக்கு வாடியிருக்கிறது.

ஆனால் அந்தத் தேதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பங்களாதேஷ் போர் முடிந்தது 1971 டிசம்பர் 16. அதற்கும் இந்த விழாவுக்கும் நடுவில் எட்டே மாதம். 1972 ஆகஸ்டில் சீருடையில் இருந்தவர் போரின்போதும் சீருடையில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் இந்த மெடலை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். சங்க்ராம் மெடல், பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் மூன்றும் 1971 போருக்கானவை. பூர்வி என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி என்றால் மேற்கு முனை. ரக்ஷா மெடல் இருந்தால் 1965. தாத்தா எங்கே இருந்தார் என்பதை இவைதான் சொல்லும். ஆண்டு விழா மெடல் அவர் எப்போது இருந்தார் என்பதை மட்டும் சொல்லும்.

இப்படி ஆண்டு விழாவுக்காக மொத்தம் எத்தனை மெடல்கள் வந்திருக்கின்றன?

முதலாவது 1947இன் இந்திய சுதந்திரப் பதக்கம். அது விழா மெடல் என்பதைவிடப் பிறந்தநாள் மெடல். 1950இல் குடியரசானபோது போலீசாருக்குத் தனியாக ஒன்று வந்தது. பிறகு 1972இல் 25ஆம் ஆண்டு, 1997இல் 50ஆம் ஆண்டு, 2022இல் 75ஆம் ஆண்டு. கடைசி மூன்றுக்கும் விதி ஒன்றுதான். அந்தந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்திருக்க வேண்டும்.

விதி இவ்வளவு எளிமையாக இருப்பதால் ஒரு வேடிக்கையும் நடக்கும். ஆகஸ்ட் 14 அன்று ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. முந்தின மாதம் சேர்ந்த பையனுக்கு உண்டு. இதை வைத்து ஒரே வீட்டில் மாமனும் மருமகனும் மல்லுக்கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பதக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் உசத்தி என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. உசத்தியைக் காட்ட வேறு மெடல்கள் இருக்கின்றன.

1947 மெடலில் ராஜா கிரீடம் இருக்கிறது. சுதந்திரத்துக்குக் கொடுத்த மெடலில் கிரீடமா? போலியோ?

கிரீடம் இருப்பதுதான் சரி. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், அதன் தலைக்கு மேல் கிரீடம், சுற்றிலும் லத்தீனில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பட்டப்பெயர். மறுபக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், 'இந்திய சுதந்திரம்' என்ற வாசகம், 15 ஆகஸ்ட் 1947 என்ற தேதி. ரிப்பன் காவி, வெள்ளை, பச்சை, மூன்று பட்டைகளும் ஒரே அகலம்.

1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியன். அரசு நம்முடையது, ஆனால் பெயரளவில் தலைவர் லண்டனில் இருந்த மன்னர். பதக்கமும் அவர் ஆணையின் பேரில்தான் வந்தது. சக்கரமும் கிரீடமும் ஒரே வட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் நம் நாட்டில் அதிகம் கிடையாது. என்னைக் கேட்டால், பின்னால் வந்த எல்லா ஆண்டு விழா மெடல்களையும்விட இதில்தான் சரித்திரம் இருக்கிறது. மைசூர் மாதிரி இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் படைகளுக்கும் இது உண்டு. எனவே தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இல்லாமல் மகாராஜா பட்டாளத்தில் இருந்திருந்தாலும் வீட்டில் இது இருக்கலாம்.

விளிம்பில் ஏதோ எண்ணும் எழுத்தும் பொடிப்பொடியாக இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

முதலில் செய்ய வேண்டிய வேலையே இதுதான். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், மெடலை மெதுவாகச் சுழற்றுங்கள். நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துக்கு நிழல் விழும்.

வழக்கமான வரிசை இது: படை எண், பதவிச் சுருக்கம், பெயர், படைப்பிரிவு. முன்னால் ஜே.சி. என்று தொடங்கினால் ஜூனியர் கமிஷன்டு ஆபீசர், அதாவது நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். 'ஜெமதார்' என்று இருந்தால் பழைய காலத்து மெடல். அந்தப் பதவிதான் அறுபதுகளில் நாயப் சுபேதார் ஆனது. படைப்பிரிவின் இடத்தில் 'ஆர்.ஐ.ஈ.' என்பதற்கான ஆங்கில எழுத்துகள் இருந்தால் ராயல் இந்தியன் இன்ஜினியர்ஸ். 'ராயல்' என்ற அடைமொழி 1946இல் வந்தது, குடியரசானதும் போய்விட்டது. ஆகவே அந்த மூன்று எழுத்துகளே காலத்தைச் சொல்லிவிடும்.

பெயரில்தான் சிக்கல். இனிஷியலை எழுத்தர் எங்கே வைத்தார், ஊர்ப்பெயரை விட்டாரா, தகப்பன் பெயரைச் சேர்த்தாரா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். 'முனுசாமி' என்ற பெயரையே எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாம், யோசித்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகவில்லையே என்று உடனே பதறாதீர்கள். படை எண்ணை டிஸ்சார்ஜ் புக்கில் (பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பதிவேட்டில்) இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போனால் அவர்தான். எண்ணே வேறாக இருந்தால், அது தாத்தா தொலைத்ததற்குப் பதிலாக வேறு யாரிடமோ வாங்கிச் சேர்த்த மெடலாக இருக்கலாம். பரேடுக்கு முந்தின நாள் மெடல் காணோம் என்று இன்னொருவரிடம் வாங்கிக் கோத்துக்கொள்வது பட்டாளத்தில் நடக்காத விஷயமா என்ன?

எல்லா மெடலிலும் பெயர் இருக்கும் என்றும் இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பாருக்காக வந்த 1911 டெல்லி தர்பார் மெடல் பெயர் பொறிக்காமலேயே வழங்கப்பட்டது. அதில் பெயர் இருந்தால் வாங்கியவரே தன் செலவில் பொறித்துக்கொண்டது.

என்னிடம் இருப்பதில் 25க்குப் பதில் 20 என்று இருக்கிறதே?

அது நாட்டின் வயது இல்லை, தாத்தாவின் சர்வீஸ். 9, 20, 30 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள் தனி வரிசை.

வெள்ளி நிறத்தில் பளபளக்கிறது. வெள்ளியா?

1947 மெடலும் 25ஆம் ஆண்டு மெடலும் குப்ரோ நிக்கல். செம்பு முக்கால் பங்கு, நிக்கல் கால் பங்கு என்பது நாணயங்களுக்கும் மெடல்களுக்கும் உள்ள வழக்கமான கலவை. பழைய கனமான ஒரு ரூபாய் நாணயம் அப்படித்தான் இருந்தது. அதனால் அடகுக் கடையில் இதற்கு ஒன்றும் தேறாது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் போர்வீரர்களுக்கு வெள்ளியில் வந்தது. அதனாலேயே எத்தனையோ வீடுகளில் அது உருகிக் கொலுசாகிவிட்டது.

காந்தத்தை வைத்துப் பார்த்து வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது, குப்ரோ நிக்கலும் ஒட்டாது. நகைக்கடைக்காரர் உரசிப் பார்க்கிறேன், ஆசிட் வைக்கிறேன் என்றால் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்தத் தழும்பு போகாது.

வீட்டிலேயே தண்ணீரில் பார்க்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். ரிப்பனைக் கழற்றிவிட்டு மெடலை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாதி தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். மெடலை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். சுத்த வெள்ளி என்றால் 10.5 பக்கம் வரும், குப்ரோ நிக்கல் என்றால் 8.9 பக்கம். 35 கிராம் மெடல் ஒன்று குப்ரோ நிக்கலாக இருந்தால் தராசு 3.9 காட்டும், வெள்ளியாக இருந்தால் 3.3. பார்த்து முடித்ததும் நன்றாகத் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே ரிப்பனை மாட்டுங்கள்.

அம்மா புளி போட்டுத் தேய்க்கிறேன் என்கிறார்.

வேண்டாம். புளி, சபீனா, எலுமிச்சை, விபூதி, பற்பசை, கடையில் விற்கும் பாலீஷ், எதுவுமே வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வது வேறு. விளக்கு தேய்ந்தால் அழகு குறையாது. மெடலில் தேய்வது முதலில் சிங்கத்தின் பிடரி, அடுத்து விளிம்பில் உள்ள பெயர். நாற்பது வருடம் வாராவாரம் பாலீஷ் போட்டு, முகமே இல்லாமல் வழுவழு என்று ஆகிவிட்ட மெடல்கள் இந்த ஊரில் எக்கச்சக்கம். பரேடுக்குப் பளபளக்க வேண்டும் என்பது அன்றைய கட்டாயம். அது அன்றோடு முடிந்தது.

அழுக்கு என்றால் ரிப்பனைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கருத்திருப்பது அழுக்கில்லை, வயது. விட்டுவிடுங்கள்.

பச்சையாகப் பிசுபிசுத்தால் காரணம் அநேகமாக அந்தப் பிளாஸ்டிக் கவர்தான். மெத்தென்று வளையும் பி.வி.சி. உறைகள் நாள்பட நாள்பட வாயு விட்டு உலோகத்தை அரிக்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, உறையைக் குப்பையில் போடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பதும் தப்பு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. வெள்ளியையும் செம்பையும் அது கருக்கிவிடும், மெடலைச் சுற்றி ஒரு கோடு நிரந்தரமாக விழும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, டப்பாவில் வையுங்கள். நாப்தலீன் உருண்டை வேண்டாம்.

ரிப்பன் நைந்து தொங்குகிறது. மாற்றலாமா?

மாற்றுங்கள், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த மெடலுக்கு எந்த ரிப்பன் என்று பிற்பாடு சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி. ராணுவ டெய்லர்களிடம் புது ரிப்பன் கிடைக்கும். கட்டுவதில் இரண்டு வகை. மெடல் தானாக ஆடுகிற மாதிரி கட்டுவது ஒன்று. பின்னால் அட்டை வைத்து ஆடாமல் தைப்பது கோர்ட் மவுண்டிங். வீட்டுச் சுவரில் மாட்ட இரண்டாவதுதான் நல்லது. ஆடும் மெடல்கள் ஒன்றோடொன்று இடித்து இடித்தே விளிம்பு மழுங்கும்.

ஒரு எச்சரிக்கை: டெய்லர் கையில் கொடுக்கும் முன் வரிசையைப் போட்டோ எடுங்கள். 75, 50, 25ஆம் ஆண்டு மெடல்களுக்கு வரிசையில் இடம் வீரப் பதக்கங்களுக்கும் போர்ப் பதக்கங்களுக்கும் பிறகுதான், நீண்ட சேவைப் பதக்கங்களுக்கு முன்பாக. கலர் பார்த்து அழகாக அடுக்கித் தருகிறவர்களும் உண்டு!

என்ன விலைக்குப் போகும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியில் கேட்க வேண்டியதும் இதுதான் என்பது என் கட்சி.

25, 50, 75ஆம் ஆண்டு மெடல்கள் பணியில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் அடிக்கப்பட்டவை. தனியாக விற்கப்போனால் நல்ல ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு கிடைத்தால் பெரிது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது ஒரே ஆளின் முழு வரிசைக்கு. பெயர் ஒத்துப்போகும் ஐந்தாறு மெடல்கள், டிஸ்சார்ஜ் புக், ஒரு பழைய போட்டோ எல்லாம் சேர்ந்திருந்தால்தான் மதிப்பு. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவி விற்றால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவது மோசடி. 'முதலில் கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள்' என்று ஆரம்பிப்பார்கள். பழைய நோட்டு, நாணயம் வாங்க விற்க என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ரைஸ் புல்லிங் செம்பு, இரிடியம் கலசம் எல்லாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்ட ராமர் சீதை நாணயம் என்று விற்பதும் அப்படியே. கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே கிடையாது.

75 ரூபாய் நாணயமும் இந்த மெடல்களும் ஒன்றா?

இல்லை. நாணயத்துக்கு முகமதிப்பு உண்டு, மெடலுக்குக் கிடையாது. நாணயத்தைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம், மெடலைப் பணியில் இருந்து பெற வேண்டும். புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்த 2023 மே 28 அன்று வந்த 75 ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை, பாதி வெள்ளி. புழக்கத்துக்கு அல்லாமல் சேகரிப்பவர்களுக்காகவே அடித்தது. முகமதிப்பைவிட அதிக விலைக்குத்தான் நாணயச்சாலை விற்கும்.

25ஆம் சுதந்திர ஆண்டுக்கும் நாணயம் வந்தது. 1972இன் 10 ரூபாய் பாதி வெள்ளி, கூடவே சாதாரண 50 காசு. 1997இன் 50 காசில் தண்டி யாத்திரை இருக்கும். அது அந்தக் காலத்துச் சில்லறை டப்பாக்களில் இன்னும் கிடைக்கிறது. நமக்கு நெருக்கமானது வேண்டுமென்றால் தஞ்சைப் பெரிய கோயிலின் 1000 ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம், 80 சதவீதம் வெள்ளி. அதே படத்தோடு 5 ரூபாயும் புழக்கத்தில் விட்டார்கள்.

நாணயத்தில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று தெரியும். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. மெடலில் இந்த அடையாளத்தைத் தேடி அலையாதீர்கள்.

தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். வீட்டில் இருப்பது மெடல் இல்லை, செப்புத் தகடு. அது என்ன?

தாமிரப் பத்திரம். 25ஆம் சுதந்திர ஆண்டையொட்டி 1972இல் இந்திரா காந்தி அரசு தியாகிகளுக்கு வழங்கியது. மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத் திட்டமும் அந்த ஆகஸ்ட் 15இல்தான் தொடங்கியது. ஒரே விழாவில் பட்டாளத்துக்காரருக்கு மெடல், பட்டாளத்தை எதிர்த்து நின்றவருக்குத் தகடு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். தகட்டையும் தேய்க்க வேண்டாம்.

கர்நாடக ராஜ்யோத்சவத்துக்கும் இப்படி எல்லோருக்கும் மெடல் உண்டா?

அது வேறு மாதிரி. 1956 நவம்பர் 1 அன்று கன்னடம் பேசும் பகுதிகள் ஒன்றுசேர்ந்து மைசூர் மாநிலம் ஆனது. 1973 நவம்பர் 1 அன்று தேவராஜ் அர்ஸ் காலத்தில் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அதனால் இந்த மாநிலத்துக்கு இரண்டு கணக்கு. எத்தனையாவது ராஜ்யோத்சவம் என்பது ஒன்று, பெயர் சூட்டி எத்தனை வருடம் என்பது இன்னொன்று. 50 ஆண்டு விழாவும் அதனால்தான் இரண்டு முறை வந்தது.

ராஜ்யோத்சவ விருது தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். 2023இல் 68 பேர், 2024இல் 69 பேர். அதாவது எத்தனையாவது விழாவோ அத்தனை பேர். 5 லட்சம் ரூபாயும் 25 கிராம் தங்கப் பதக்கமும் தருகிறார்கள். பெயர் சூட்டிய பொன்விழாவுக்காக 2024இல் கூடுதலாக 100 பேருக்குத் தனி விருது கொடுத்தார்கள், பெண்கள் 50, ஆண்கள் 50. எல்லோருக்கும் தருவது ஒரு முறை, பொறுக்கித் தருவது ஒரு முறை. எனக்கு முதலாவது பிடிக்கும். அதில் சிபாரிசுக்கு வேலை இல்லை.

எங்கள் மன்றம் 50 ஆண்டு முடிக்கிறது. நாங்களே மெடல் அடிக்கலாமா?

தாராளமாக அடிக்கலாம். ஆனால் நான்முகச் சிங்கத்தைப் போடாதீர்கள். அரசு இலச்சினையைத் தனியார் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். கர்நாடக அரசின் இருதலைப் பறவையான கண்டபேருண்டத்தையும் விட்டுவிடுங்கள். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைப் போடலாம், ஏரியையே போடலாம்.

அடிப்பது இரண்டு விதம். எஃகு அச்சு வெட்டி அழுத்தி அடிப்பது, அல்லது உருக்கி வார்ப்பது. 200க்கு மேல் வேண்டுமென்றால் அச்சுதான் கட்டுப்படியாகும், நுணுக்கமும் அதில்தான் நிற்கும். தமிழ் எழுத்து வைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். எழுத்து சிறிதானால் புள்ளி அடைத்துக்கொள்ளும். 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகளும் மூடிப்போகும். 40 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் குறள் முழுவதையும் எழுதக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், இரண்டு சொல் போதும். அச்சு வெட்டுவதற்கு முன் எழுத்தைக் குறைந்தது மூன்று பேர் படித்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் கர்நாடக போலீசாருக்கு வழங்கிய முதலமைச்சர் பதக்கங்களில் கன்னட எழுத்துப்பிழை இருந்து, மாநிலமே சிரித்து, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மாநில விழாவுக்கு மறுநாள் நடந்த கூத்து அது.

மெடல் தொலைந்துவிட்டது. அப்பா வாங்கவே இல்லை என்றும் அம்மா சொல்கிறார். இப்போது கேட்கலாமா?

கேட்கலாம். ஓய்வு பெற்றபின் தேடி வந்து வாங்காதவர்கள் நிறைய. படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுத வேண்டும். எம்.ஈ.ஜி. என்றால் அது பெங்களூரிலேயே இருக்கிறது. வேறு படை என்றால் அந்தந்தப் படையின் தலைமையகம் இருக்கும் ஊர். படை எண், பதவி, பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, டிஸ்சார்ஜ் புக்கின் நகல், வாரிசு என்றால் அதற்கான சான்று. டிஸ்சார்ஜ் புக்கிலேயே எந்தெந்த மெடலுக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் முன்னாள் படைவீரர்களுக்கான மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் கேளுங்கள். பொறுமை வேண்டும். இது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை.

தாத்தாவின் மெடலை நான் குத்திக்கொள்ளலாமா?

மறைந்த வீரரின் நெருங்கிய உறவினர் போர் நினைவிட அஞ்சலி போன்ற நிகழ்ச்சிகளில் வலது மார்பில் அணிய ராணுவம் இடம் தருகிறது. இடது மார்பு வாங்கியவருக்கு மட்டும். பட்டாளத்துக்காரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அணிவது சட்டப்படி குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. கல்யாண வீட்டில் கோட்டில் குத்திக்கொண்டு போட்டோ எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: அழகாக இருக்காது, விட்டுவிடுங்கள்.

மூன்று மாமாக்கள், ஆறு மெடல்கள். ஆளுக்கு இரண்டு பிரிக்கச் சொல்கிறார்கள்.

பிரிக்காதீர்கள். வரிசை ஒருவரிடம் இருக்கட்டும், டிஸ்சார்ஜ் புக்கும் அதோடு இருக்கட்டும். மற்றவர்களுக்கு மினியேச்சர் வரிசை, அதாவது சின்ன அளவு நகல், செய்து கொடுங்கள். ராணுவ டெய்லர்களிடம் கிடைக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும், விளிம்பும் தெரிய போட்டோ எடுத்துக் குடும்பம் முழுவதற்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு தலைமுறை தாண்டினால் எந்த மாமா வீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும். 'இன்னார் மெடல்' என்று பென்சிலால் காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். மெடல் மேலேயே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் எடுத்துக்கொண்டு போகலாமா?

1947, 1972, 1997, 2022 மெடல்கள் என்றால் தடை இல்லை. நூறு ஆண்டு தாண்டியவைதான் பிரச்சினை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அவை தொல்பொருள் ஆகின்றன, தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1911 தர்பார் மெடல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. முதல் உலகப் போர் மெடல்களும் தாண்டிவிட்டன, தாண்டிக்கொண்டும் இருக்கின்றன. பழைய வரிசையில் இவை கலந்து இருந்தால் ஏர்போர்ட்டில் வாதாடுவதைவிட முன்கூட்டியே இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காதவை பெங்களூரிலேயே இருக்கட்டும். அண்ணனுக்கு மினியேச்சர் போதும்.